ஈரத்துக்குக் கழித்த இரண்டு கிலோ

அம்மனை நம்பி வாழும் எல்லாருக்கும் வணக்கம்.

முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். என் கையெழுத்து கோணலாக இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான் போனேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் இலக்கங்கள்தான். இலக்கம் மட்டும் தெளிவாக எழுதுவேன். கோயில் செயலாளர் பிழையைத் திருத்தி மலரில் போடுவதாகச் சொன்னார். அந்தத் துணிவில் எழுதுகிறேன்.

என் பெயர் சிவலிங்கம். வயது ஐம்பத்து மூன்று. றக்வானைக்கு மேலே இருக்கிற நம் தோட்டத்தில், மடுவத்தில் கொழுந்து நிறுக்கிற வேலை. வெளியூரிலிருந்து இந்த மலரைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், மடுவம் என்பது பெண்கள் பறித்த தேயிலைக் கொழுந்தைக் கொண்டுவந்து நிறுக்கிற கொட்டகை. சாக்கைத் தராசுக் கொக்கியில் மாட்டி, முள் நிற்கிற இடத்தைப் பார்த்து, நிறையைச் சத்தமாகச் சொல்வேன். கணக்கப்பிள்ளை பதிவார். இருபத்திரண்டு வருடமாக இதுதான் என் வேலை. நான் சத்தமாகப் பேசுகிற ஒரே இடம் அதுதான். மற்ற இடங்களில் எனக்கு வாய் வராது. கூச்சம்.

அந்தக் கூச்சத்தால்தான் நோயை முதலில் மறைத்தேன்.

2024 மாசி மாதம். மடுவத்திலிருந்து எங்கள் வீடு இருக்கிற லயத்துக்கு ஏறுகிற பாதையில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. பிறகு நாலு இடம். பின்னேரமானால் கால் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் அப்படியே நிற்கும். யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் சாக்கைத் தூக்கும்போது கண் இருட்டி விழுந்துவிட்டேன். இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

பன்னிரண்டு நாள் வைத்திருந்தார்கள். டொக்டர் நோனா வயதில் இளைய பெண், சிங்களவர். என்னை மாமா என்றுதான் கூப்பிடுவார். நமக்குச் சிங்களம் தெரியும் என்பதால் எல்லாம் விளக்கமாகச் சொன்னார். பல வருடம் இரத்த அழுத்தம் கூடி, அதைக் கவனிக்காமல் விட்டதால் இருதயம் பெருத்துப் பலமிழந்துவிட்டதாம். இரத்தத்தைச் சரியாகத் தள்ள முடியாததால் தண்ணீர் காலிலும் நுரையீரலிலும் தேங்குகிறதாம். சிறுநீரகமும் பாதிக்கு மேல் கெட்டிருக்கிறதாம். என் மனைவி லெட்சுமி பக்கத்தில் நின்று சேலை முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மாத்திரைகள் தந்தார்கள். இருதயத்தின் ஓட்டத்தை நிதானப்படுத்த ஒன்று. அழுத்தத்தைக் குறைத்து இருதயத்தையும் சிறுநீரகத்தையும் காக்க ஒன்று. உடம்பில் தேங்கிய தண்ணீரைச் சிறுநீராக வெளியேற்ற ஒன்று. இந்தத் தண்ணீர் மாத்திரையில்தான் சிக்கல் என்றார் டொக்டர். கூடினால் சிறுநீரகம் காய்ந்துபோகும். குறைந்தால் நுரையீரல் ஊறிப்போகும். இரத்தத்தைச் சோதித்துப் பார்த்து அந்த மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். குறைத்துவிட்டு ஒரு கண்டிப்பான கட்டளை போட்டார். தினமும் காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பிடுவதற்கு முன் நிறை பார்த்து கிளினிக் கொப்பியில் எழுத வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் அது சதை இல்லை, தண்ணீர். கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் முழு மாத்திரையைப் போட்டுக்கொண்டு உடனே வர வேண்டும்.

வீட்டில் தராசு இருக்கிறதா என்று கேட்டார். என் வேலையே தராசில்தான் என்றேன். பக்கத்தில் நின்ற தாதி மிஸ்ஸி சிரித்தார்.

தோட்டத்துத் துரை இலேசான வேலை தந்தார். சாக்கைத் தூக்கி மாட்ட வேறு ஆள். நான் முள்ளைப் பார்த்துச் சொன்னால் போதும். தினமும் காலையில் ஆள் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்புகிற பெரட்டுக்கு முன்பே மடுவத்தைத் திறப்பேன். ஒரு படங்குச் சாக்கின் நான்கு மூலையிலும் கயிறு கட்டி, ஊஞ்சல் மாதிரிக் கொக்கியில் மாட்டி, அதில் உட்கார்ந்து காலைத் தூக்கிக்கொள்வேன். கழுத்தைத் திருப்பி முள்ளைப் பார்ப்பேன். ஐம்பத்தெட்டு. பங்குனி முழுக்க ஐம்பத்தெட்டுத்தான். சித்திரையிலும் அதேதான். மூச்சு நன்றாக இருந்தது. ராத்திரி காலை நீட்டிப் படுத்துத் தூங்கினேன். அம்மா காப்பாற்றிவிட்டாள் என்று நினைத்தேன்.

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கொழுந்து நிறுக்கும்போது முள் காட்டுகிறதை நாங்கள் அப்படியே சொல்வதில்லை. சாக்கின் நிறைக்கு ஒரு கழிவு உண்டு, அதைக் கணக்கப்பிள்ளை கழிப்பார். மழை நாளில் இலையில் தண்ணீர் நிற்கும், அதனால் ஈரத்துக்கு இரண்டு கிலோ கழிப்போம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வெயில் நாளிலும் அந்த இரண்டு கிலோ கழிந்துகொண்டுதான் இருந்தது. நான் வேலைக்கு வந்தபோதே அப்படித்தான். முள் இருபதில் நின்றால் என் வாய் தானாகப் பதினெட்டு என்று சொல்லும். ஒரு நாள் வேலை முழுசாகப் பதிவதை நாங்கள் ‘முழுப் பேர்’ என்போம். இரண்டு கிலோ குறைந்ததால் முழுப் பேர் அரைப் பேராகிப் போன பெண்கள் எத்தனையோ பேர். முணுமுணுப்பார்கள். நான் காதில் வாங்கியதில்லை. அது ஒரு பிழை என்றே எனக்குத் தோன்றியதில்லை.

வைகாசியில் மழை பிடித்தது. நம் மலை மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லயத்திலிருந்து மடுவத்துக்கு வருவதற்குள் சாரமும் சட்டையும் ஒட்டிப்போகும். ஒரு நாள் முள் ஐம்பத்தொன்பதைக் காட்டியது. சாரம் நனைந்திருக்கிறது என்று ஒன்றைக் கழித்து ஐம்பத்தெட்டு என்று எழுதினேன். இரண்டு நாள் கழித்து அறுபது. சட்டையும் நனைந்திருக்கிறது, இரண்டு கழிவு, ஐம்பத்தெட்டு. பிறகு அறுபத்தொன்று. படங்கும் கயிறும் ஊறிக் கிடக்கின்றன, மூன்று கழிவு. கொப்பியில் ஐம்பத்தெட்டுக்குக் கீழே ஐம்பத்தெட்டு வரிசையாக இருந்தது. அழகான இலக்கம்.

நான் யாரையும் ஏமாற்ற நினைத்து அப்படி எழுதவில்லை. ஏமாற்றுகிறவனுக்கு மனதில் ஒரு பயமாவது இருக்கும். எனக்கு அதுவும் இல்லை. கை பழகியபடி எழுதியது.

மூச்சு திரும்பவும் முட்ட ஆரம்பித்தது. படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் கண்ணை மூடுவேன். இருமல் நிற்கவில்லை. லெட்சுமி என் காலைப் பார்த்துவிட்டு, “ஏங்க, இப்படி பொங்கியிருக்கே. நாளைக்கே போவமா?” என்றாள்.

“நெறை கூடல. டொக்டர் நோனா நெறையத்தான் பாக்கச் சொன்னாங்க,” என்றேன். கொப்பியை எடுத்துக் காட்டினேன்.

அவள் இலக்கத்தைப் பார்த்தாள். என் இலக்கத்தை அவள் எப்போதும் நம்புவாள். வாயை மூடிக்கொண்டாள்.

என் மனம் அப்போது போட்ட கணக்கு இதுதான். நிறை கூடவில்லை. அதனால் இது தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாமலே மூச்சு முட்டுகிறது என்றால் மருந்துக்கு இருதயம் அடங்கவில்லை என்று அர்த்தம். இனி எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பயனில்லை. முடிவு வந்துவிட்டது. நான் லெட்சுமியிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஏணியில் படிக்குப் படி நின்று ஏறி, வீட்டுக் கூரையில் ஒழுகுகிற இடத்தை மட்டும் ஒரு தகரத்தால் அடைத்துவைத்தேன். நான் போன பிறகு அவளால் ஏற முடியாது என்று.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் கோயிலுக்குப் போனேன். நம் மாரியம்மன் கோயில் மேட்டில் இருக்கிறது, நாற்பது படி. என்னால் மூன்று படிகூட ஏற முடியவில்லை. கீழ்ப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மேலே பூசாரி மணி அடித்தார். தீபம் தெரியவில்லை, அதன் வெளிச்சம் மட்டும் மழையில் மங்கலாகத் தெரிந்தது. கையைக் கூப்பினேன். சத்தமாகக் கேட்கவும் மூச்சு இல்லை. மனதுக்குள் கேட்டேன்.

அம்மா, என் நெஞ்சில் இருக்கிற பாரத்தை இறக்கு. இறக்கும் எண்ணம் இல்லை என்றால் நான் என்ன பிழை செய்தேன் என்றாவது சொல். உனக்கு வாய் இல்லை என்றால் யார் வாயாலாவது சொல்.

ஒரு அறிகுறியும் இல்லை. மழைதான் பெய்தது. அம்மாவும் என்னைக் கழித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு எழுந்து வந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை காலை, வழக்கம்போல மடுவத்தைத் திறந்து ஊஞ்சலில் ஏறினேன். ஏறவே பாடுபட்டேன். முள் அறுபத்திரண்டு. இறங்கித் தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். பிறகு கொப்பியில் ஐம்பத்தெட்டு என்று எழுதினேன்.

அப்போது பாக்கியம் வாசலில் நிற்கிறாள். அவளை உங்கள் எல்லாருக்கும் தெரியும். மூன்றாம் நம்பர் மலையில் அவளை விட வேகமாகப் பறிக்கிறவர் இல்லை, அவளை விட வாயும் யாருக்கும் இல்லை. கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கை முதல்நாள் அங்கே காயப்போட்டிருந்தாள், அதை எடுக்க வந்திருந்தாள்.

“என்னண்ணே, இன்னைக்கி நீங்களே கொழுந்தா?” என்றாள்.

அவள் பக்கத்தில் வந்து கொப்பியைப் பார்த்தாள்.

“முள்ளு அறுவத்திரெண்டுல நின்னுச்சு. நான் பாத்தேன். நீங்க அம்பத்தெட்டுன்னு எழுதியிருக்கீங்க.”

“ஈரத்துக்குக் கழிச்சேன்,” என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். “எங்க கொழுந்துலதான் இத்தன வருசமா கழிச்சீங்க. இப்ப ஒங்க ஒடம்புலயும் கழிக்க ஆரம்பிச்சிட்டீங்களா? சாரத்துல நாலு கிலோ தண்ணி நிக்குமாண்ணே? அப்படின்னா அந்தச் சாரத்த எனக்குக் குடுங்க, பீலிக்குப் போகாம வீட்டுக்குத் தண்ணி கொண்டு போறேன்.”

சொல்லிக்கொண்டே அந்த வெறும் படங்கையும் கயிற்றையும் கொக்கியில் தொங்கவிட்டாள். சொட்டச் சொட்ட நனைந்த படங்கு. முள் ஒரு கிலோவைக்கூடத் தொடவில்லை.

அவளுடைய சிரிப்பு நின்றுவிட்டது. குனிந்து என் முழங்காலுக்குக் கீழே பெருவிரலால் அழுத்தினாள். குழி விழுந்தது. விழுந்த குழி எழும்பவில்லை.

“இது மழைத் தண்ணி இல்லண்ணே,” என்றாள்.

இருபத்திரண்டு வருடமாக முள்ளைப் பார்க்கிறேன். அந்த நிமிடம்தான் முள் என்ன சொல்கிறது என்று எனக்கு விளங்கியது. அறுபத்திரண்டு என்றால் அறுபத்திரண்டு. நாலு கிலோ தண்ணீரை நெஞ்சிலும் காலிலும் சுமந்துகொண்டு, தண்ணீர் இல்லை என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். முதல்நாள் கீழ்ப்படியில் உட்கார்ந்து கேட்டதும் ஞாபகம் வந்தது. யார் வாயாலாவது சொல் என்று கேட்டேன். அம்மா யார் வாயைத் தேர்ந்தெடுத்தாள் என்று பாருங்கள். யாருடைய கொழுந்தில் நான் அதிகம் கழித்தேனோ அவளுடைய வாயை.

பாக்கியம் அதற்குள் லெட்சுமியைக் கூப்பிட்டுக்கொண்டு லயத்துப் பக்கம் ஓடிவிட்டாள். அன்று அவள் பெரட்டுக்குப் போகவில்லை. த்ரீவீலரில் எங்களோடு றக்வானை வரைக்கும் வந்தாள். வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். லெட்சுமி அழுதுகொண்டே வந்தாள். றக்வானையிலிருந்து அம்புலன்சில் இரத்தினபுரிக்கு அனுப்பினார்கள்.

இன்னும் இரண்டு நாள் தாமதித்திருந்தால் உயிரோடு வந்திருக்க மாட்டேன் என்று பிறகு சொன்னார்கள். மூக்கில் காற்று வைத்து, தண்ணீர் மாத்திரைக்குப் பதிலாக அதே மருந்தை ஊசியாக ஏற்றினார்கள். சிறுநீர் போய்க்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் தலையணையைத் தள்ளிவிட்டுக் காலை நீட்டிப் படுத்தேன். எத்தனை நாளுக்குப் பிறகு. அந்தச் சுகத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. கூரையைப் பார்த்தபடி சும்மா மூச்சு விட்டுக்கொண்டே கிடந்தேன்.

அதே டொக்டர் நோனா வந்து கொப்பியைப் புரட்டினார். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தெட்டு. நிறை கூடாமல் எப்படி இவ்வளவு தண்ணீர் என்று கேட்டார். மறைக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. கழிப்பதை இனியும் தொடரக் கூடாது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தேயிலைக்குக் கழிக்கிற பழக்கம், சாரம், படங்கு, எல்லாம். அடுத்த கட்டில்காரர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பேசியது அன்றுதான்.

அவர் ஏசுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு என் கையைப் பிடித்துச் சொன்னார். சிங்களத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

“மாமா, தேயிலையில இருக்கிற தண்ணிய நீங்க கழிங்க. ஒங்க ஒடம்புல இருக்கிற தண்ணிய நாங்க கழிக்கிறோம். நீங்க முள்ளு காட்டுறத மட்டும் எழுதுங்க.”

மருந்து தோற்கவில்லை என்றார். நிறை கூடிய அன்றே வந்திருந்தால் ஒரு மாத்திரையைக் கூட்டி அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பாராம். எழுந்து போகும்போது, “பய வென்ன எப்பா,” என்றார். பயப்படாதே என்று. நான் போர்வைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதேன். துக்கத்தில் இல்லை. மருந்து என்னைக் கைவிடவில்லை, அம்மாவும் என்னைக் கைவிடவில்லை என்ற நிம்மதியில். அந்தக் கட்டிலில் வைத்துத்தான் நேர்ந்துகொண்டேன், பிழைத்து வந்தால் இதை எல்லாரும் கேட்கச் சொல்வேன் என்று.

வீட்டுக்கு வரும்போது புதிதாக ஒரு மாத்திரையும் சேர்த்துத் தந்தார்கள். லயத்தில் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, இது சீனி வருத்தத்துக்கு, நீரிழிவுக்குக் கொடுக்கிறதாயிற்றே, சீனி இல்லாதவன் போட்டால் மயங்கி விழுவான் என்று பயமுறுத்தினார். பழைய சிவலிங்கமாக இருந்திருந்தால் நானே அதை விட்டிருப்பேன். ஆனால் இப்போது கேட்கப் பழகிவிட்டேன். அடுத்த கிளினிக்கில் கேட்டேன். முதலில் சீனி வருத்தத்துக்குத்தான் அதைக் கொடுத்தார்களாம், பிறகு சீனி இல்லாதவர்களுக்கும் பலவீனமான இருதயத்தையும் சிறுநீரகத்தையும் சேர்த்துக் காக்கிறது என்று கண்டுபிடித்தார்களாம். வாந்தி, வயிற்றோட்டம் வந்தால் மட்டும் அதை நிறுத்தி உடனே வந்து சொல்ல வேண்டும் என்றார்கள். அன்று முதல் ஒரு நாளும் விடவில்லை.

நோய் முழுக்கப் போய்விட்டது என்று நான் சாட்சி சொல்லவில்லை. அது பொய். இருதயம் பலவீனம்தான். ஆனால் சிறுநீரகம் மேலும் கெடவில்லை என்று இரத்தச் சோதனை சொல்கிறது. நாற்பது படியையும் ஒரே இடத்தில் மட்டும் நின்று ஏறுகிறேன். உப்பைக் குறைத்துவிட்டேன். லெட்சுமி எனக்குச் சட்டியில் தனியாகக் கறி எடுத்துவைத்துவிட்டுத்தான் உப்புப் போடுகிறாள்.

வேலைக்குத் திரும்பிய அன்று, பாக்கியம் சாக்கோடு வரிசையில் நின்றாள். அவள் முறை வந்தது. மெதுவாக, “மன்னிச்சிரு தங்கச்சி,” என்றேன்.

“எதுக்கண்ணே?”

“ரெண்டு கிலோவுக்கு.”

“இருவத்திரெண்டு வருசத்து ரெண்டு கிலோவ எந்தச் சாக்குல கட்டித் தருவீங்க?” என்றாள். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். “இன்னைக்கிலருந்து முள்ளப் பாத்துச் சொல்லுங்க, அது போதும்.”

நல்ல வெயில் நாள் அது. முள் இருபத்தொன்றில் நின்றது. இருபத்தொன்று என்று சொன்னேன். கணக்கப்பிள்ளை பேனையைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். “ஆஸ்பத்திரியில ஒன் நெஞ்ச மட்டுந்தான் பாத்தாங்களா, தலையையும் மாத்திட்டாங்களா?” என்றார்.

“முள்ளு காட்டுறத நான் சொல்றேங்க ஐயா. கழிக்கணும்னா நீங்க கழிச்சுக்குங்க,” என்றேன்.

அத்தனை பெண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது தன் வாயால் கழிவைச் சொல்ல அவருக்கும் மனம் வரவில்லை. சாக்குக் கழிவை மட்டும் கழித்துப் பதிந்தார். விஷயம் துரை வரைக்கும் போனது. சில வாரம் எனக்கு வேலை போய்விடுமோ என்று பயம். போகவில்லை. இப்போது மழை நாளில் கொழுந்தைக் கம்பி வலையில் கொட்டித் தண்ணீர் வடியவிட்டு நிறுக்கிறோம், ஈரத்துக்கு ஒரு கிலோ. வெயில் நாளில் ஈரக் கழிவு இல்லை.

நேர்த்தியை நிறைவேற்றத்தான் நாளாகிவிட்டது. இந்த வருடம் சித்திரைத் திருவிழாவில் என்னை மேடைக்குக் கூப்பிட்டு மைக்கைக் கையில் தந்தார்கள். வணக்கம் என்றேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. நின்றேன். கூட்டத்துக்குள்ளிருந்து பாக்கியம், “அண்ணே, முள்ளு எங்க நிக்குது?” என்று கேட்டாள். கோயிலே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

என்னைப் போலக் கூச்சப்பட்டு நோயை மறைக்கிறவர்கள் இந்தத் தோட்டத்தில் இருக்கிறீர்கள். எனக்குத் தெரியும், ஏறும்போது நீங்கள் நிற்பதை மடுவத்து வாசலிலிருந்து பார்க்கிறேன். அம்மாவிடம் கேளுங்கள். அவள் பதில் சொல்வாள். கோயிலுக்குள்ளிருந்துதான் பதில் வரும் என்று காத்திருக்காதீர்கள். டொக்டர் வாயாலும் வரும், உங்களைக் கிண்டல் பண்ணுகிறவள் வாயாலும் வரும். வரும்போது அதில் எதையும் கழிக்காமல் கேளுங்கள். தந்த மாத்திரையைத் தந்தபடி போடுங்கள். நிறை பார்க்கச் சொல்லியிருந்தால் மடுவத்துக்கு வாருங்கள். பெரட்டுக்கு முன்னால் திறந்துவைக்கிறேன், ஊஞ்சல் தயாராக இருக்கும். நீங்களே முள்ளைப் பார்த்துக்கொள்ளலாம்.

நேற்று ராத்திரி நல்ல மழை. காலையில் நனைந்துகொண்டுதான் போனேன். இன்றைய நிறை ஐம்பத்தேழரை. அப்படியே எழுதியிருக்கிறேன்.

2025 ஆகஸ்ட் 15, ஆடிக் கடைசி வெள்ளிக்கிழமை.